மாமாவுக்கு தொப்புள்ல ஊசி கிடையாது, ஆனா காயத்துக்குள்ள ஒண்ணு போடணும்

ஒரு தம்பி எங்கிட்ட கேட்டது சுருக்கமா இதுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல வாக்கிங் போன அவரோட மாமனாரை ஒரு நாய் கெண்டைக்கால்ல கடிச்சிடுச்சு, ரெண்டு பல்லு பதிஞ்சு ரத்தம் வந்திருக்கு. வயசு 64, சுகர் இருக்கு. போற வழியில ஒரு கிளினிக்ல டி.டி. ஊசி மட்டும் போட்டு, கட்டு கட்டி அனுப்பிட்டாங்க. பீச்ல பஜ்ஜி கடை வெச்சிருக்கவரு "அது நம்ம கடை நாய்தாங்க, ஊசிலாம் போட்டிருக்கு"ன்னு சொல்லிட்டாரு. மாமனாரு "தொப்புளைச் சுத்தி குத்துவான், நான் வரமாட்டேன்"னு உக்காந்துட்டாரு. இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. ஊசி தேவையா, எத்தனை, எங்க போறது, லேட் ஆயிடுச்சா?

தேவை. லேட் ஆகல, ஆனா இன்னிக்கு ராத்திரியே கெளம்புங்க, நாளைக்குன்னு வேணாம். நான் டாக்டர் இல்ல, கடலூர் பக்கத்துல கவர்மெண்ட் ஊசி ரூம்கள்ல இருவது வருஷத்துக்கு மேல ஸ்டாஃப் நர்ஸா நின்னவ, ரிட்டயர் ஆகி இப்ப திருப்பாதிரிப்புலியூர்ல இருக்கேன். நாய்க்கடின்னு வந்தவங்க எத்தனை பேருன்னு கணக்கு வெச்சுக்கல, ஆனா அவங்க என்ன தப்பு பண்ணிட்டு வருவாங்கன்னு எனக்கு மனப்பாடம். அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன், பொறுமையா படிங்க, ஆனா மொதல்ல அந்த கட்டைப் பிரிச்சு காயத்தைக் கழுவிட்டு வந்து படிங்க.

ஆமா, ரெண்டு நாள் ஆனாலும் கழுவணும். குழாயைத் தொறந்து விட்டு சாதா குளிக்கிற சோப்பு போட்டு 15 நிமிஷம். பதினஞ்சு நிமிஷம்னா எல்லாரும் தலைய ஆட்டுவாங்க, நான் கடிகாரத்தைப் பாத்திருக்கேன், அதிகபட்சம் ஒண்ணரை நிமிஷத்துல "கழுவிட்டேன் சிஸ்டர்"னு வந்து நிப்பாங்க. டேங்க்ல தண்ணி தீந்துடும்னு வீட்ல கத்துற அளவுக்கு விடணும். ரேபிஸ்னு சொல்ற வெறிநாய்க்கடி நோயோட வைரஸுக்கு மேல ஒரு கொழுப்பு உறை இருக்கு, சோப்பு அதைக் கரைச்சிடும், உறை போச்சுன்னா வைரஸ் செத்துச்சு. அவ்ளோதான் விஷயம். அஞ்சு ரூவா சோப்பு பண்ற வேலை. கழுவினதும் வீட்ல பெட்டாடின் இருந்தா விடுங்க, இல்லன்னா பரவால்ல, திரும்ப கட்டு கட்ட வேணாம், தொறந்தே இருக்கட்டும். மிளகாப்பொடி, சுண்ணாம்பு, காபித்தூள், மஞ்சள், நல்லெண்ணெய், எருக்கம்பால் எதுவும் வேணாம். ஒரு தடவை ஒரு அம்மா சின்னப் பொண்ணு கையில சுண்ணாம்பும் வெல்லமும் குழைச்சு அப்பிக் கூட்டிட்டு வந்தாங்க, காஞ்சு சிமெண்ட் மாதிரி ஆயிடுச்சு, அதை ஊற வெச்சு எடுக்குறதுக்கே அரை மணி நேரம், அந்தப் புள்ள நாய் கடிச்சப்ப அழுததை விட அப்பதான் அதிகமா அழுதுச்சு.

இப்ப மாமா பயத்துக்கு வர்றேன். அவரு சொல்றது பொய் இல்ல, அவரு சின்ன வயசுல பாத்தது அதுதான். அந்தக் காலத்துல ஆட்டு மூளையில இருந்து எடுத்த மருந்து, செம்பிள் வாக்சின்னு பேரு, 1911ல கசௌலில டேவிட் செம்பிள்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் கண்டுபிடிச்சது. நம்ம தமிழ்நாட்டுல குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், 1907ல ஆரம்பிச்சது, அங்க இருந்துதான் தெற்கு பூரா அந்த மருந்து போகும். வயித்துல தோலுக்கு அடியில தினம் ஒண்ணுன்னு 14 நாள் வரைக்கும் குத்துவாங்க, அளவும் ஜாஸ்தி, வலியும் ஜாஸ்தி, வயிறு பூரா வீங்கிக் கெடக்கும், சில பேருக்கு அந்த மருந்தாலயே நரம்புக் கோளாறு வந்து கை கால் விழுந்ததும் உண்டு. அதனாலதான் அதை நிறுத்துனாங்க. 2005ல இருந்து இந்தியாவுல அந்த ஊசி எங்கயும் கிடையாது. இருவது வருஷம் ஆச்சு தம்பி, ஆனா தொப்புள் கதை மட்டும் சாகல, ஊசி ரூம் வாசல்ல வரிசையில நிக்கிற பெருசுங்க பக்கத்துல இருக்குற புள்ளைக்கு அதைத்தான் சொல்லி பயமுறுத்துவாங்க.

இப்ப கையில. மேல்கையில, தோள்பட்டைக்குக் கொஞ்சம் கீழ. கவர்மெண்ட்ல பெரும்பாலும் தோலுக்குள்ள போடுற முறைதான், ஒரு கைக்கு 0.1 மில்லி, ரெண்டு கைக்கும் சேத்து 0.2 மில்லி. எவ்ளோ கம்மின்னா, இன்சுலின் சிரிஞ்சுலதான் எடுப்போம், மாமா சுகர்காரருன்னா அவருக்கே அந்த ஊசி பழக்கமாத்தான் இருக்கும். சரியா போட்டா தோல்ல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும், கொசு கடிச்ச தடிப்பு மாதிரி, மேல பாத்தா ஆரஞ்சு பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். அந்தக் கொப்புளம் வந்தாத்தான் ஊசி சரியா எறங்குச்சுன்னு அர்த்தம், அதைத் தேய்க்காதீங்க, பஞ்சு வெச்சு அமுக்காதீங்க, அரை மணி நேரத்துல தானா அமுங்கிடும். கொப்புளமே வராம வழிஞ்சு போச்சுன்னா அங்கயே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, பக்கத்துல இன்னொண்ணு போடுவாங்க, கோச்சுக்க மாட்டாங்க.

நாலு தடவை போகணும். முதல் ஊசி போடுற நாளுதான் பூஜ்யம், நாய் கடிச்ச நாள் இல்ல, இதுல நிறைய பேரு கணக்கைக் கோட்டை விடுறாங்க. 0, 3, 7, 28. இன்னிக்கு செவ்வா போட்டா, வர்ற வெள்ளி, அடுத்த செவ்வா, அப்புறம் அதுல இருந்து சரியா மூணு வாரம் கழிச்சு வர்ற செவ்வா. பிரைவேட்ல போனீங்கன்னா சதையில போடுவாங்க, அது ஒரு தடவைக்கு ஒரு ஊசி, 0, 3, 7, 14, 28ன்னு அஞ்சு தடவை. ரெண்டு முறையும் நல்ல முறைதான், பலன்ல வித்தியாசம் இல்ல, தோலுக்குள்ள போடுறதுல மருந்து கம்மியா செலவாகும், அதனால கவர்மெண்ட்ல ஒரு பாட்டிலை நாலஞ்சு பேருக்குப் பிரிச்சுப் போட முடியுது. "கவர்மெண்ட்ல கொஞ்சூண்டு போட்டு ஏமாத்துறாங்க"ன்னு ஒருத்தர் எங்கிட்ட சண்டைக்கே வந்திருக்காரு. ஏமாத்தல, தோல்ல எதிர்ப்பு சக்தியைக் கிளப்பி விடுற செல்லுங்க அதிகம், அதனால கொஞ்சம் மருந்தே போதும். ஆனா ஒண்ணு, எந்த முறையில ஆரம்பிச்சீங்களோ அதுலயே முடிங்க, நடுவுல மாத்தாதீங்க. அப்புறம் எந்த முறையா இருந்தாலும் இடுப்புக்குக் கீழ, பின்பக்கம் போடக்கூடாது, அங்க கொழுப்புல தங்கிடும், வேலை செய்யாது. எங்கயாவது அப்படிப் போட்டுட்டா அந்த டோஸ் கணக்குலயே இல்ல, திரும்ப கையில போட்டுக்கணும். சின்னக் குழந்தைங்களுக்கு சதை ஊசின்னா தொடையில போடுவாங்க. எடை பாத்து வாக்சின் அளவைக் கூட்டுறது கொறைக்கிறது கிடையாது, கைக்குழந்தைக்கும் மாமாவுக்கும் ஒரே அளவு.

இது வரைக்கும் சொன்னது எல்லாருக்கும் ஓரளவு தெரிஞ்சது. நான் இவ்ளோ நீட்டி எழுத உக்காந்ததே அடுத்ததுக்காகத்தான்.

கையில போடுற ஊசி மட்டும் மாமாவுக்குப் போதாது.

ஏன்னா ரத்தம் வந்திருக்கு. நாய்க்கடியை மூணா பிரிப்பாங்க. நல்லா இருக்குற தோல்ல நக்குச்சு, தொட்டீங்க, சாப்பாடு போட்டீங்க, அது முதல் வகை, ஒண்ணும் தேவையில்ல, கழுவிட்டுப் போங்க. ரத்தம் வராம லேசா பிராண்டுனது, பல்லு பட்டு தோல் மேலாப்புல சிராய்ச்சது ரெண்டாவது வகை, அதுக்கு கை ஊசி மட்டும். தோல் கிழிஞ்சு ரத்தம் வந்துட்டா, அது ஒரு சொட்டா இருந்தாலும் சரி, மூணாவது வகை. ஏற்கெனவே இருக்குற புண்ணுல நக்குனாலும், வாயில கண்ணுல எச்சில் பட்டாலும் மூணுதான். மூணாவது வகைக்கு கை ஊசியோட காயத்துக்குள்ளயே ஒரு மருந்து போடணும். இம்யூனோகுளோபுலின்னு பேரு, ஆஸ்பத்திரியில சீரம்னு கேட்டா புரிஞ்சுக்குவாங்க.

ஏன் ரெண்டும் வேணும்னா, வாக்சின்ங்கிறது நம்ம உடம்பைப் பாத்து "நீயே மருந்து தயார் பண்ணிக்கோ"ன்னு சொல்ற மாதிரி. உடம்பு அதைப் புரிஞ்சு தயார் பண்ண ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும். அது வரைக்கும் காயத்துல இருக்குற வைரஸ் சும்மா உக்காந்திருக்குமா? அது ரத்தத்துல பரவாது, சதையில கொஞ்ச நாள் பெருகி பக்கத்துல இருக்குற நரம்பைப் புடிச்சு, நரம்பு வழியாவே மெதுவா மூளைக்கு ஏறும். நரம்புக்குள்ள பூந்துட்டா நம்ம உடம்போட காவல்காரங்களுக்கு அது கண்ணுலயே படாது. சீரம்ங்கிறது ஏற்கெனவே தயார் பண்ணி வெச்ச எதிர்ப்பு மருந்து, அதை நேரா காயத்துலயே எறக்கினா அங்க இருக்குற வைரஸை நரம்பைத் தொடுறதுக்கு முன்னாடியே புடிச்சிடும். 2025ல கேரளாவுல, ஊசி போட்டும் சின்னப் பசங்க இறந்துட்டாங்கன்னு செய்தி வந்தப்ப எத்தனை பேரு எனக்கு போன் பண்ணி "அக்கா, அப்ப ஊசியே வேஸ்ட்டா"ன்னு கேட்டாங்க. ஊசி வேஸ்ட் இல்ல. தலை, மூஞ்சி, கழுத்து, கை விரல் இந்த இடங்கள்ல நரம்பு நெறைய, மூளைக்குத் தூரமும் கம்மி, அங்க கடி ஆழமா விழுந்தா வாக்சினுக்கு ஓடி ஜெயிக்க நேரமே இருக்காது. குழந்தைங்க ஒசரம் நாயோட வாய்க்கு நேரா இருக்கு, அதனால அவங்களுக்குத்தான் மூஞ்சியில விழுது. அந்த மாதிரி கடின்னா ஒரு மணி நேரம் கூடத் தள்ளிப் போடாதீங்க, காயம் கழுவுறதும் சீரமும் ரெண்டு மடங்கு முக்கியம்.

இந்த சீரம் போடுறதைப் பாக்கத்தான் கொஞ்சம் கஷ்டமா இருக்கும், அதனால முன்னாடியே சொல்லிடுறேன், மாமா மெரளாம இருக்க. எடை பாத்துதான் அளவு. குதிரை ரத்தத்துல இருந்து எடுக்குற சீரம்னா கிலோவுக்கு 40 யூனிட், 60 கிலோ ஆளுக்கு 2,400 யூனிட், ஏறக்குறைய 8 மில்லி. மனுஷ ரத்தத்துல இருந்து எடுத்ததுன்னா கிலோவுக்கு 20 யூனிட், அதான் விலை ஜாஸ்தி, பிரைவேட்ல ஆயிரக்கணக்குல ஆகும். இப்ப லேப்ல தயாரிக்கிற மோனோகுளோனல் மருந்தும் வந்திருக்கு. எதுவா இருந்தாலும் ஒவ்வொரு பல்லு பதிஞ்ச குழியிலயும் டாக்டர் ஊசியை விட்டு சுத்திச் சுத்தி கொஞ்சம் கொஞ்சமா எறக்குவாரு, காயத்தோட ஓரம் வெளுத்து உப்பும், சில சமயம் பக்கத்துக் குழியில இருந்து மருந்து தண்ணியா கசியும், அதைப் பாத்தா ரெண்டு குழியும் உள்ளுக்குள்ள ஒண்ணா இருக்குன்னு தெரியும். எரியும், வலிக்கும், பொய் சொல்ல மாட்டேன். நான் பாத்த வரைக்கும் கெண்டைக்கால்னா பல்லைக் கடிச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், விரல் நுனிதான் கொடுமை, அங்க எடமே இல்ல, கொஞ்சமாத்தான் எறக்க முடியும். குதிரை சீரம்னா அலர்ஜி வரலாம்ங்கறதால போட்டுட்டு கொஞ்ச நேரம் உக்கார வெச்சுப் பாப்பாங்க, உடனே வண்டியை எடுத்துட்டு ஓடாதீங்க.

இதுக்கு ஒரு கெடு இருக்கு. முதல் வாக்சின் போட்ட நாள்ல இருந்து 7 நாளுக்குள்ள சீரம் போட்டுடணும், அதுக்கு மேல போட்டா பிரயோஜனம் இல்ல, உடம்பே தயார் பண்ண ஆரம்பிச்சிருக்கும், குறுக்க பூந்து அதைக் கெடுத்துடும். முதல் நாளே போடுறதுதான் உத்தமம். ஆனா "சீரம் ஸ்டாக் இல்ல, வந்ததும் ரெண்டையும் சேத்துப் போட்டுக்கலாம்"னு யாராவது சொன்னா கேக்காதீங்க, வாக்சினை இன்னிக்கே போட்டுட்டு சீரத்துக்கு அலையுங்க. இதை நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தனை ஒரு ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் திருப்பி அனுப்பிட்டாங்க, ஒரு நாள் "பாட்டிலைத் தொறந்தா இன்னும் நாலு பேரு வரணும், நாளைக்கு வாங்க", மறுநாள் "சீரம் இல்ல". எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லப் போறதில்ல, அங்க இருந்த நர்ஸ் புள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்திருந்தாங்க போல. தோலுக்குள்ள போடுற மருந்தைக் கரைச்சா சில மணி நேரத்துக்குள்ள தீக்கணும்ங்கிறது நெசம்தான், ஆனா ஒருத்தருக்காகத் தொறந்து மிச்சத்தைக் கொட்டினாலும் தப்பே இல்ல, ஒரு உசுரோட வெலைக்கு அந்த மிச்சம் ஒண்ணுமே இல்ல. திருப்பி அனுப்பினா சத்தம் போடாம "டூட்டி டாக்டரைப் பாக்கணும்"னு மட்டும் சொல்லுங்க, முக்கால்வாசி அதுலயே வேலை நடந்துடும்.

எங்க போறது? கை ஊசி நம்ம பக்கத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இலவசம். ஆனா சீரம் அங்க பெரும்பாலும் இருக்காது, அதனால மாமாவை நேரா மஞ்சக்குப்பம் ஜி.ஹெச். கேசுவால்டிக்குக் கூட்டிட்டுப் போங்க. சிதம்பரம் பக்கம் இருக்குறவங்களுக்கு அண்ணாமலை நகர்ல இருக்குற கடலூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி. கன்னியக்கோயில், பாகூர், தவளக்குப்பம்னு பார்டரைத் தாண்டி இருக்குறவங்களுக்கு பாண்டி ஜி.ஹெச். இல்லன்னா கோரிமேடு ஜிப்மர். கடலூர்ல இருந்து பாண்டி 25 கிலோமீட்டர் கூட இல்ல, ஒரு எடத்துல சீரம் இல்லன்னா இன்னொரு எடம், ஸ்டேட் வேறன்னு யோசிச்சு நிக்காதீங்க. தமிழ்நாட்டுல 104க்கு போன் பண்ணியும் விசாரிக்கலாம். ரெண்டாவது மூணாவது டோஸுக்கு வீட்டுக்குக் கிட்ட இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போயிக்கலாம், முதல் ஊசி அன்னிக்குக் குடுக்குற கார்டைக் காட்டினா போதும்.

பஜ்ஜி கடை நாய் விஷயம். "ஊசி போட்டிருக்கு"ன்னு சொன்னா மூணு கேள்வி கேளுங்க, எப்ப போட்டது, யாரு போட்டா, கார்டு எங்க. நூத்துக்குத் தொண்ணூறு பேரு ரெண்டாவது கேள்வியிலயே "முனிசிபாலிட்டிக்காரங்க புடிச்சுட்டுப் போனாங்க சார்"னு இழுப்பாங்க. அது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனா, ரேபிஸ் ஊசியா, எந்த வருஷம்னு ஒருத்தருக்கும் தெரியாது. நாய்க்கு மூணு மாசத்துல ஆரம்பிச்சு, பூஸ்டர் போட்டு, வருஷா வருஷம் போடணும், ஒரே ஒரு தடவை எப்பவோ போட்டது ஆயுசுக்கும் காக்காது. பக்காவா கார்டு இருக்குற வீட்டு நாய் கடிச்சாலும் நம்ம நாட்டுல ஊசியை ஆரம்பிச்சுட்டுத்தான் மத்த பேச்சு. கடைக்காரரைத் திட்டாதீங்க, அவரு மேல தப்பில்ல, மிச்ச மீனைப் போட்டு வளக்குறாரு, பாசத்துல சொல்றாரு.

ஆனா அவரால உங்களுக்கு ஒரு உதவி ஆகும். கடிச்ச நாள்ல இருந்து 10 நாளைக்கு அந்த நாயைக் கண்ல வெச்சுக்கச் சொல்லுங்க. கட்டி வெச்சா இன்னும் நல்லது. நாயோட எச்சில்ல வைரஸ் வருதுன்னா அது ஏற்கெனவே மூளைக்குப் போயிடுச்சுன்னு அர்த்தம், அப்படிப்பட்ட நாய் பத்து நாளைத் தாண்டாது, வெறி புடிச்சு அலையும், இல்ல சோந்து போயி மூலையில படுத்து, வாய் தொங்கி, எச்சில் வடிஞ்சு செத்துடும். வெறிநாய்னா குலைச்சுட்டே ஓடும்னு நினைக்காதீங்க, சத்தமே போடாம படுத்துக் கெடக்குற வகைதான் ஏமாத்தும். அடுத்த வாரம் புதன்கிழமை வரைக்கும் அந்த நாய் வால் ஆட்டி பஜ்ஜி கேட்டுட்டு இருந்தா, கடிச்ச அன்னிக்கு அது எச்சில்ல ரேபிஸ் இல்ல. இந்தக் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும்தான், குரங்கு, நரி, கீரிக்கெல்லாம் பொருந்தாது. அந்தப் புதன்கிழமைக்குள்ள மாமாவுக்கு மூணு தடவை முடிஞ்சிருக்கும், கடைசி ஊசி வேணுமான்னு டாக்டர் சொல்லுவாரு. என்னைக் கேட்டா போட்டுடுங்க. கோர்ஸ் முழுசா போட்டவரை இன்னொரு தடவை நாய் கடிச்சா 0, 3ன்னு ரெண்டே தடவை போனா போதும், சீரமே தேவையில்ல. பீச்ல தினம் வாக்கிங் போற மனுஷனுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதி. நாயை அடிச்சுக் கொன்னுட்டா இந்த பத்து நாள் கணக்கு போச்சு, அதுக்காகவாவது யாரும் கட்டையைத் தூக்காதீங்க.

சிலது வேகமா சொல்லிடுறேன். சுகருக்கும் இந்த ஊசிக்கும் சண்டை கிடையாது, சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எதையும் நிறுத்த வேணாம், ஆனா சுகர்காரருக்குக் காயம் சீழ் புடிக்கும், டாக்டர் ஆன்டிபயாட்டிக் எழுதினா முழுசா சாப்பிடச் சொல்லுங்க. ஸ்டீராய்டு எடுக்குறவங்க, கேன்சர் மருந்துல இருக்குறவங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குறவங்க அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், அவங்களுக்கு ரெண்டாவது வகை கடியா இருந்தாலும் சீரம் போடுவாங்க. கர்ப்பமா இருக்குற பொண்ணுங்க, பால் குடுக்குற தாய்மாருங்க தாராளமா போட்டுக்கலாம். தையல் போடாதீங்க, போட்டே ஆகணும்னா சீரம் எறக்கினதுக்கு அப்புறம்தான், அதுவும் லூசா. டி.டி. ஊசி டெட்டனஸ்ங்கிற ரண ஜன்னிக்கு, ரேபிஸுக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல, அந்த கிளினிக்ல போட்டது தப்பில்ல, அதோட நிறுத்தினதுதான் தப்பு. ஒரு டோஸ் நாள் தவறிட்டா மொதல்ல இருந்து ஆரம்பிக்க வேணாம், ஞாபகம் வந்த அன்னிக்கே போயி அடுத்ததைப் போட்டுட்டுத் தொடருங்க. கடிச்சு ஒரு மாசம் ஆச்சே, இனிமே எதுக்குன்னு விடுறவங்களுக்கும் சொல்றேன், இந்த நோய் பெரும்பாலும் ஒண்ணுல இருந்து மூணு மாசத்துல வெளிய வரும், வருஷம் தாண்டி வந்ததும் உண்டு, அதனால எப்ப ஞாபகம் வந்தாலும் போட்டுக்கலாம்.

பத்தியம்! இதைச் சொல்லாம விட்டா என் ஊர்க்காரங்க மன்னிக்க மாட்டாங்க. கத்திரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, கோழி கூடாது, தலைக்கு ஊத்தக்கூடாது, மீன் ஆகவே ஆகாது. கடலூர்ல பொறந்த மனுஷன் 28 நாள் மீனைப் பாக்காம எப்படி இருப்பான், அதனாலேயே மூணாவது ஊசியோட "போதும்"னு நிறுத்திட்டவங்களை எனக்குத் தெரியும். எந்தப் பத்தியமும் கிடையாது. மாமா வஞ்சிரமும் திங்கலாம், கருவாடும் திங்கலாம், தலைக்கும் ஊத்தலாம். சரக்கு மட்டும் வேணாம்னு நாங்க சொல்லுவோம், அது பொதுவாவே ஒடம்புக்கு வேணாம், மறதியில டோஸையும் விட்டுடுவாங்க, ஆனா ஒரு கல்யாணத்துல குடிச்சிட்டேன், ஊசி வேலை செய்யாதுன்னு அடுத்த டோஸுக்கு வராம இருந்துடாதீங்க.

ஏன் இவ்ளோ அடம் புடிக்கிறேன்னு மாமா கேட்டா இதைச் சொல்லுங்க. வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு மீன்பிடி தொழிலாளி, நாப்பது வயசு கூட இருக்காது, நடந்துதான் வந்தாரு. காய்ச்சல், எப்பவோ கடிச்ச எடத்துல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னாரு. மாத்திரைக்குத் தண்ணி குடுத்தேன். டம்ளரை ஆசையாத்தான் வாங்குனாரு, நல்ல தாகம், உதட்டுக்கிட்ட கொண்டு போனதும் தொண்டை இழுத்துக்கிச்சு, கை ஒதறி டம்ளர் கீழ விழுந்துச்சு. மேல ஃபேன் ஓடிட்டு இருந்துச்சு, காத்து மூஞ்சில பட்டதும் திரும்ப அதே மாதிரி. புத்தி தெளிவா இருந்துச்சு, எங்கிட்ட "மன்னிச்சுக்கம்மா, தரையெல்லாம் ஈரம் ஆயிடுச்சு"ன்னாரு. மூணாம் நாள் போயிட்டாரு. அறிகுறி வந்துட்டா மருந்து கிடையாது, அன்னிக்கும் கிடையாது, இன்னிக்கும் கிடையாது. அவரைக் கடிச்சது குட்டி நாய், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, லேசா ரத்தம் வந்துச்சு, மந்திரிச்சுக் கயிறு கட்டுனாங்களாம். கயிறு கையிலயே இருந்துச்சு.

1885ல பிரான்ஸ்ல லூயி பாஸ்டர் முதல் முதலா இந்த ஊசியைப் போட்டது ஜோசப் மெய்ஸ்டர்னு ஒரு ஒம்பது வயசுப் பையனுக்கு, அப்பவே அவன் பொழைச்சான். 140 வருஷமா மருந்து இருக்குற நோய், இப்பவும் உலகத்துல வருஷத்துக்கு 59,000 பேரு சாகுறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுல.

சரி, கெளம்புங்க. போறப்ப ஆதார் கார்டு, மாமாவோட சுகர் நோட்டு, கிளினிக்ல குடுத்த டி.டி. சீட்டு எடுத்துக்கோங்க. சாப்பிட்டுட்டு வரச் சொல்லுங்க, வெறும் வயித்துல சீரம் ஊசிக்கு உக்காந்தா சுகர்காரருக்கு மயக்கம் வரும். கேசுவால்டில "நாய் கடிச்சிடுச்சு, ரத்தம் வந்துச்சு, ரெண்டு நாள் ஆச்சு, இன்னும் ஏ.ஆர்.வி. போடல, சீரமும் போடணும்"னு இதே வரிசையில சொல்லுங்க, ஏ.ஆர்.வி.ங்கிறது கையில போடுற ரேபிஸ் வாக்சின்தான். குடுக்குற கார்டை அங்கயே போன்ல போட்டோ எடுத்துக்கோங்க, 28ஆவது நாளுக்குள்ள அந்தக் கார்டு சட்டைப் பையில இருந்து வாஷிங் மெஷினுக்குப் போயிடும், அனுபவத்துல சொல்றேன். அப்புறம் மாமா வெளிய கெளம்புனா வெள்ளை முழுக்கை சட்டைதான் போடுவாருன்னு நெனைக்கிறேன், இன்னிக்கு மட்டும் அரைக்கை போடச் சொல்லுங்க, ரெண்டு கையிலயும் ஊசி, அந்த இறுக்கமான கையை தோள் வரைக்கும் மடிச்சு ஏத்துறதுக்குள்ள பின்னாடி வரிசையில நிக்கிறவங்க கத்த ஆரம்பிச்சிடுவாங்க.